தம்பி ஏன் கைதட்டவில்லை

சகோதரி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நாசரேத் பக்கம் உங்கள் ஊர். பாளையங்கோட்டையில் வேலை பார்க்கும் உங்கள் தம்பி இரண்டு வருடத்துக்கு முன் அங்கே ஒரு சிறிய பாப்டிஸ்ட் சபையில், அதாவது தாமே விசுவாசித்தவர்களுக்கு மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் சபையில், தண்ணீரில் முழுகி எடுக்கும் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவர், கோயிலில் கீபோர்டும் டிரம்ஸுமாகப் பாட்டு நடந்தபோது கைதட்டாமல் உட்கார்ந்திருந்தார். கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கியார் “தீர்மானம் எடுத்தவர்கள் முன்னே வாருங்கள்” என்று அழைத்தபோது தலையைக் குனிந்துகொண்டார். இப்போது உங்கள் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத் தகப்பனாக நிற்க மாட்டேன் என்கிறார். “எங்கள் கோயிலையே வெறுத்துவிட்டானா, இல்லை இந்த வயதிலேயே கிழவனைப் போல் பழமை பேசுகிறானா?” என்று வருத்தத்தோடு கேட்டிருக்கிறீர்கள்.

நான் மெஞ்ஞானபுரத்துக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவன். என் தாத்தா உபதேசியார். 26 வயதில் பாப்டிஸ்ட் ஆனேன். பதினான்கு வருடம் ஒரு சிறிய சபையில் உதவிக்காரனாக (டீக்கன்) இருந்து கணக்கு எழுதினேன். ஆகவே இரண்டு வீட்டுச் சாப்பாடும் எனக்குத் தெரியும்.

உங்கள் தம்பி உங்கள் கோயிலை வெறுக்கவில்லை. பழையதெல்லாம் நல்லது, புதியதெல்லாம் கெட்டது என்று நினைக்கிறவராகவும் எனக்குத் தோன்றவில்லை. மரபான பாப்டிஸ்டுகள் எதை மறுத்தாலும் அந்த மறுப்பைத் தோண்டிப் பார்த்தால் இரண்டு கேள்விகள்தான் அடியில் கிடக்கும். சபை என்பது யார்? அந்தச் சபை கூடும்போது செய்கிற காரியத்தைக் கர்த்தர் கேட்டாரா, நாமாகச் சேர்த்துக்கொண்டோமா? லேவியராகமம் 10-ஆம் அதிகாரத்தில் ஆரோனின் மகன்கள் நாதாபும் அபியூவும் ஆராதனைக்குக் கொண்டுவந்ததைக் “கர்த்தர் தங்களுக்குக் கட்டளையிடாத அந்நிய அக்கினி” என்று வேதம் சொல்கிறது. அந்த அக்கினியைக் கர்த்தர் விலக்கியிருந்தார் என்று அங்கே எழுதப்படவில்லை. கட்டளையிடவில்லை என்றே எழுதியிருக்கிறது. லண்டன் பாப்டிஸ்டுகள் 1689-இல் உறுதிசெய்த விசுவாச அறிக்கையின் 22-ஆம் அதிகாரம் இதைத்தான் சட்டமாக வைத்தது: ஆராதனைக்கான வழியைத் தேவனே நியமித்திருக்கிறார், மனிதக் கற்பனை அதில் புக இடமில்லை. உங்கள் தம்பி கிறிஸ்துமஸ் அன்று அமைதியாக உட்கார்ந்திருந்ததற்கு வேர் அங்கே இருக்கிறது.

குழந்தை ஞானஸ்நானத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் மனம் அதில்தான் நோகிறது. தெளிப்பா முழுக்கா என்று தண்ணீரின் அளவைப் பற்றிய சண்டை என்றே நம் ஊரில் இதை நினைக்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் அகதிகளாக இருந்த ஆங்கிலேயர் கூட்டம் ஒன்றில்தான் முதல் பாப்டிஸ்ட் சபை உண்டானது. அதன் போதகர் ஜான் ஸ்மித் தமக்குத் தாமே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு பிறகு மற்றவர்களுக்குக் கொடுத்தார். அது முழுக்கு அல்ல. தண்ணீரை ஊற்றிக் கொடுத்தது. முழுக்கு, ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து, 1640-களின் தொடக்கத்தில் லண்டன் சபைகளில்தான் வழக்கமாயிற்று. 1644-இல் ஏழு சபைகள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் அது எழுத்தில் ஏறியது. ‘யாருக்கு’ என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே அவர்கள் ‘எப்படி’ என்று கேட்டார்கள். “அவனுடைய வார்த்தையைச் சந்தோஷமாய் ஏற்றுக்கொண்டவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள்” என்று அப்போஸ்தலர் 2-இல் வாசிக்கிறோமே, அந்த ‘ஏற்றுக்கொண்டவர்கள்’ என்ற சொல்லில்தான் பாப்டிஸ்ட் நிற்கிறார். ஏற்றுக்கொள்ளும் வயது வராத குழந்தைக்காக வேறொருவர் ஏற்றுக்கொள்ள முடியாது என்பது அவர் நம்பிக்கை. ஞானத் தகப்பனாக நிற்கிறவர் அந்தக் குழந்தைக்காக வாக்குக் கொடுக்க வேண்டும். மனதில் இல்லாத வாக்கைப் பீடத்துக்கு முன் சொல்ல உங்கள் தம்பியால் முடியவில்லை. சொல்லியிருந்தால்தான் நான் அவரைக் குறித்து வருத்தப்பட்டிருப்பேன்.

நம் தமிழ்ச் சொல்லிலேயே ‘ஸ்நானம்’ இருக்கிறது என்று சில பாப்டிஸ்ட் பிரசங்கியார்கள் சொல்வதுண்டு. தாமிரபரணியில் ஸ்நானம் செய்தேன் என்றால் தலையில் மூன்று சொட்டுத் தெளித்துக்கொண்டேன் என்று எவரும் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். சொல்லை வைத்து உபதேசத்தை நிறுவுவது சரியல்ல என்பது என் எண்ணம், ஆனாலும் இந்தச் சொல் விஷயம் சிறியதாக இருக்கவில்லை. பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரியும் அவருக்குப் பின் வந்தவர்களும் வங்காள வேதாகமத்தில் ஞானஸ்நானத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ‘முழுகுதல்’ என்ற பொருள்படவே மொழிபெயர்த்தார்கள். அதற்காக பிரிட்டிஷ் பைபிள் சொசைட்டி உதவியை நிறுத்தியது. 1840-இல் பாப்டிஸ்டுகள் தங்களுக்கென்று தனி மொழிபெயர்ப்புச் சங்கம் தொடங்கினார்கள்.

இது நம் சீமையில் ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதற்குக் காரணம் உண்டு. திருநெல்வேலியில் சபை ஊரோடு ஊராகப் பிறந்தது. 1778-இல் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மாள் 1785-இல் பாளையங்கோட்டையில் கோயில் கட்டினார். 1799-இல் தாவீது சுந்தரானந்தம் முயற்சியில் முதலூர் உண்டானது. அடியும் உதையும் பட்டு, வீடு எரிக்கப்பட்டு ஓடிவந்தவர்களுக்கு நிற்க ஒரு நிலம் வேண்டியிருந்தது. அந்த ஊர்கள் இல்லாவிட்டால் அந்த மக்கள் இருந்திருக்க மாட்டார்கள். டோனாவூர், இடையன்குடி, சாயர்புரம், நாசரேத் என்று நாம் பெருமையோடு சொல்லும் ஊர்ப்பெயர்களைக் கேட்டால் இன்றும் என் நெஞ்சு நிறைகிறது. பாப்டிஸ்ட் ஆன பிறகும் அது குறையவில்லை.

ஆனால் ஊரும் சபையும் ஒன்றாகும்போது, பிறந்ததாலேயே ஒருவன் சபையில் சேர்ந்துவிடுகிறான். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர், பிறகு வாலிப வயதில் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல், பிறகு கல்யாணம், பிறகு கல்லறைத் தோட்டம். இடையில் மனந்திரும்புதல் நடந்ததா என்று யாரும் கேட்க வேண்டிய அவசியமே வருவதில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: பிறப்பினால் வருகிற சபையோடு சாதியும் பிறப்பினால் கூடவே வந்துவிடுகிறது. சபை என்பது விசுவாசித்தவர்களின் கூட்டம் என்று சொல்கிற பாப்டிஸ்ட், இந்தக் கட்டை அறுத்திருக்க வேண்டும். பல இடங்களில் அறுக்கவில்லை. நம் பக்கத்துச் சிறிய பாப்டிஸ்ட் சபைகள் சிலவற்றில் ஒரே சாதிக் குடும்பங்கள் மட்டும் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். தங்கள் கொள்கைக்கே அவர்கள் செய்கிற துரோகம் அது.

ஞானஸ்நானத்தை அவசரப்படுத்தாத பாப்டிஸ்ட் மனம் எப்படி இருக்கும் என்பதற்கு ஓங்கோல் ஊழியர் ஜான் கிளௌ செய்ததை எப்போதும் சொல்வேன். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. கிளௌ பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்று மைல் தூரம் வெட்டும் வேலையை ஒப்பந்தமாக எடுத்து, பட்டினி கிடந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கூலி கிடைக்கச் செய்தார். அவர்களில் ஏராளமானவர்கள் ஞானஸ்நானம் கேட்டார்கள். கஞ்சிக்காக யாரும் கிறிஸ்தவராகிவிடக் கூடாது என்று பஞ்சம் நீடித்த அத்தனை மாதமும் அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. நிவாரணம் முடிந்த பிறகும் அவர்கள் வந்து நின்றார்கள். 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் அதற்கு முன் அவர் காத்திருந்த மாதங்களைச் சொல்வதில்லை.

பாட்டுக்கு வருகிறேன். “பாப்டிஸ்டுகள் பழைய பாட்டு மட்டும்தான் பாடுவார்கள்” என்று உங்கள் குருவானவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. 17-ஆம் நூற்றாண்டில் பல பாப்டிஸ்ட் சபைகளில் பாட்டே இல்லை. எழுதிவைத்த பாட்டை எல்லோரும் சேர்ந்து பாடுவது எழுதிவைத்த ஜெபத்தைப் படிப்பது போன்றது, ஆவியானவரின் ஏவுதல் அதில் இல்லை என்று நினைத்தார்கள். லண்டனில் பெஞ்சமின் கீச் என்ற போதகர்தான் 1670-களில், அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்து முடிந்ததும் ஒரு பாட்டு என்று மெல்லத் தொடங்கினார். பிறகு அது ஒவ்வொரு ஓய்வுநாளுக்கும் பரவியது. 1691-இல் அதை எதிர்த்தும் ஆதரித்தும் புத்தகங்கள் அச்சாகி வந்தன; அவர் சபையிலேயே சிலர் பிரிந்து போனார்கள். இதே கீச், குழந்தைகளுக்கான பாடப்புத்தகம் ஒன்று எழுதியதற்காக 1664-இல் அரசாங்கத்தால் கட்டையில் மாட்டி நிறுத்தப்பட்டவர். அப்படிப்பட்டவரையே புதுமைக்காரர் என்றார்கள். அவர் தம் பக்கத்தைப் பழக்கத்தைக் காட்டி நிறுவவில்லை, வேதத்தைக் காட்டினார். ஆகவே ஒரு பாட்டு எத்தனை வருடம் பழையது என்பது பாப்டிஸ்டுக்குச் சாட்சி அல்ல.

பின்னே எதை மறுக்கிறார்கள்? கொலோசெயர் 3:16-ஐப் பாருங்கள்: “சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் ஒருவருக்கொருவர் போதித்து புத்திசொல்லிக்கொண்டு.” ஒருவருக்கொருவர். பாடுவது சபை முழுவதற்கும் கொடுக்கப்பட்ட வேலை. மேடையில் ஆறு பேர் மைக் பிடித்துப் பாட, கீழே இருநூறு பேர் திரையைப் பார்த்து உதட்டை அசைத்தால், அந்த வேலை சபையின் கையிலிருந்து பிடுங்கப்பட்டுவிட்டது. லண்டனில் 1861-இல் திறக்கப்பட்ட, பாப்டிஸ்ட் போதகர் ஸ்பர்ஜனின் மெட்ரோபாலிட்டன் ஆலயத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். அவர் காலத்தில் அங்கே ஆர்கன் கிடையாது. ஒருவர் எழுந்து நின்று ராகத்தை எடுத்துக் கொடுப்பார்; அத்தனை பேரும் பாடுவார்கள். தனக்கென்று ஒரு குரல் இருக்கிறது என்பதை அந்தச் சபை மறக்கவே முடியாது.

எங்கள் சபையிலும் இந்தத் தவறு நடந்தது, அதற்கு நானும் கையெழுத்துப் போட்டேன். அறுபது பேர் உட்காரும் ஓட்டுக் கூரைக் கட்டடத்துக்கு, கல்யாண மண்டபத்தில் வைக்கும் அளவுக்குப் பெரிய சவுண்ட் பாக்ஸ் இரண்டு வாங்கினோம். இளைஞர்கள் ஆசைப்பட்டார்கள். மூன்று மாதத்தில் ஒன்றைக் கவனித்தேன். வலது பக்கம் தரையில் உட்காரும் வயதான அம்மாக்கள் பாடுவதை நிறுத்திவிட்டார்கள். வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகளைப் புத்தகம் பார்க்காமல் எல்லாச் சரணமும் பாடக்கூடியவர்கள் அவர்கள். ஒரு அம்மாவிடம் கேட்டேன். “நான் பாடுறது எனக்கே கேட்கலையே ஐயா” என்றார். அடுத்த சபைக் கூட்டத்தில் அதைச் சொன்னேன். பெட்டிகளை விற்றுவிட்டோம். ஒரு ஹார்மோனியமும் பிரசங்கத்துக்கு ஒரு சிறிய ஒலிபெருக்கியும் வைத்துக்கொண்டோம். ஹார்மோனியத்தையே கூடாது என்று சொல்கிற பாப்டிஸ்டுகளும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கருவி குரலுக்குத் துணையாக நிற்கிற வரைக்கும் அதைத் தடுக்க வேதத்தில் எனக்கு ஆதாரம் தெரியவில்லை. விளக்குகளை அணைத்துவிட்டு மேடைக்கு மட்டும் கலர் வெளிச்சம் அடிப்பதைக் குறித்து எனக்குச் சந்தேகமே கிடையாது. பக்கத்தில் இருக்கிற சகோதரனின் முகம் தெரியாத இருட்டில் ‘ஒருவருக்கொருவர்’ என்பதற்கு இடம் எங்கே?

முன்னே வரச் சொல்லும் அழைப்பு விஷயத்தில் உங்கள் தம்பி தலைகுனிந்தது பலருக்குப் புரியாது, ஏனென்றால் நம் சீமையில் அது வேத காலத்திலிருந்தே இருப்பதுபோல் ஆகிவிட்டது. அதன் வயது சுமார் இருநூறு வருடம்தான். 1830-களில் அமெரிக்காவில் சார்லஸ் ஃபின்னி என்ற பிரசங்கியார், மனம் கலங்கினவர்கள் வந்து உட்கார முன்வரிசையில் ஒரு பெஞ்சு போடுவதைப் பரவலாக்கினார். கூட்டத்தை நடத்தும் சரியான முறைகளைக் கையாண்டால் எழுப்புதல், அதாவது மக்கள் திரளாக மனந்திரும்புவது, வரும் என்பது அவர் எண்ணம். பாப்டிஸ்டுகளிலேயே இதில் இரண்டு பக்கம் உண்டு. 1956-இல் பாளையங்கோட்டைக்கு வந்து பிரசங்கித்த பில்லி கிரகாம் பாப்டிஸ்ட் போதகர்தான்; அவருடைய கூட்டங்கள் முடிவதே அந்த அழைப்பில்தான். அதைக் கேட்டவர்களில் உண்மையாகவே வாழ்க்கை மாறியவர்களை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஸ்பர்ஜனின் வழி வேறு. தேவனைத் தேடுகிறவர்களைத் தனியே சந்தித்து, உட்காரவைத்து, நிதானமாகப் பேசுவார். மரபான பாப்டிஸ்ட் பயப்படுவது இதற்குத்தான்: மெல்லிய இசை வாசிக்க, கண்ணை மூடச் சொல்லி, கையை உயர்த்தச் சொல்லி, எழுந்து வரச் சொன்னால், நடந்து வந்ததையே மறுபிறப்பு என்று அந்த மனிதன் எண்ணிவிடுவான். பிறகு எவர் சுவிசேஷம் சொன்னாலும், “அந்தக் கன்வென்ஷனிலேயே எடுத்துவிட்டேன்” என்பான். குழந்தை ஞானஸ்நானத்தைப் பற்றி அவர்களுக்கு இருக்கிற பயமும் இதுவும் ஒன்றேதான். அங்கே பதிவேடு, இங்கே கூட்டத்தில் நிரப்பிக் கொடுக்கும் தீர்மான அட்டை.

கன்வென்ஷன் மேடைகளில் இன்று கேட்கிற “கர்த்தர் எனக்குச் சொன்னார்”, “இந்த வருடத்துக்கான தீர்க்கதரிசன வார்த்தை” என்பவற்றையும் அவர்கள் ஏற்பதில்லை. முழுக்கு கொடுப்பதால் பாப்டிஸ்டையும் பெந்தெகொஸ்தேயையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். 1689 அறிக்கையின் முதல் அதிகாரமே, தேவன் முன்பு தம் சித்தத்தை வெளிப்படுத்திய வழிகள் நின்றுவிட்டன, வேதம் போதுமானது என்று தொடங்குகிறது. நம் பழைய திருநெல்வேலி ஜில்லாவிலேயே 1860-இல், கிறிஸ்தியான்பேட்டை அருளப்பனின் சபைகளில் அந்நிய பாஷையும் நடுக்கமும் கண்ணீருமாக எழுப்புதல் உண்டானது. உலகமெங்கும் பெந்தெகொஸ்தே இயக்கத்தைப் பரப்பிய லாஸ் ஏஞ்சல்ஸ் எழுப்புதலுக்கு அது 46 வருடம் மூத்தது. அருளப்பன் பிரதரன் (Brethren) என்ற சபைப் பிரிவின் வழியைச் சேர்ந்தவர். அந்த அடையாளங்களை ஏற்காத பாப்டிஸ்டும், மிஷன் சம்பளம் வேண்டாம் என்று விசுவாசத்தால் வாழ்ந்த அந்த மனிதருக்கு முன் தலைவணங்கத்தான் வேண்டும்.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. பாட்டைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் பேசுகிற அளவுக்கு எங்கள் ஆட்களே இதைப் பேசுவதில்லை. பாப்டிஸ்ட் சபையை ஆளுவது யார்? கிறிஸ்து, அவர் வேதத்தின் மூலம், கூடிவந்த சபையின் வழியாக. மத்தேயு 18-இல் தவறு செய்த சகோதரனைக் குறித்து ஆண்டவர் கடைசியாகச் சொன்னது “அதைச் சபைக்குத் தெரியப்படுத்து” என்பதுதான். அத்தியட்சருக்கு என்றோ ஸ்தாபகர் குடும்பத்துக்கு என்றோ சொல்லவில்லை. 1689 அறிக்கையின் 26-ஆம் அதிகாரம், மூப்பரையும் உதவிக்காரரையும் சபையார் சேர்ந்து தெரிந்தெடுக்க வேண்டும் என்கிறது. அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எங்கள் சபையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிறு ஆராதனை முடிந்து, அங்கத்தினர் மட்டும் உட்காருவோம். வரவு செலவை உதவிக்காரர் ஒவ்வொரு வரியாக வாசிப்பார். “மின்கட்டணம் போன மாதத்தைவிட ஏன் கூடியிருக்கிறது?” என்று பீடி சுற்றுகிற ஒரு அம்மா கேட்டால், போதகரும் எழுந்து பதில் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர விரும்புகிறவர் தம் சாட்சியைச் சொல்வார். அதற்கு முன் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய் வந்திருப்பார்கள். பிறகு கை தூக்கி ஏற்றுக்கொள்வோம். ஞானஸ்நானத்தன்று மேடைப் பலகையை எடுத்தால் கீழே சிமெண்டுத் தொட்டி. அதிலிருந்து நனைந்த துணியோடு ஏறி வருகிறவர் அன்றிலிருந்து அந்தக் கணக்கைக் கேட்கிற உரிமையும் பெற்றவர். “ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்” என்று பேதுரு எழுதியதை நான் விளங்கிக்கொண்டது அந்தக் கூட்டங்களில்தான்.

இன்று நம் பக்கத்தில் நான்கு வழிச்சாலை ஓரமெல்லாம் எழும்புகிற பெரிய ஜெபவீடுகளைப் பாருங்கள். நிலம் போதகர் பெயரில். டிரஸ்டில் அவர் மனைவியும் மகனும் மருமகனும். பலகையில் குடும்பப் படம். பெயருக்கு முன் ‘அப்போஸ்தலர்’. காணிக்கை கூகுள் பேயில், கணக்கு யாருக்கும் இல்லை. கேட்டால் “அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே” என்ற வசனம் வரும். எனக்குத் தெரிந்த ஒரு சபையில், இருபது வருடம் தங்கள் கூலியில் பத்தில் ஒரு பங்கு கொடுத்துக் கட்டடம் எழுப்பிய குடும்பங்கள், போதகர் இறந்த பிறகு அவர் மகனோடு ஒத்துப்போகவில்லை என்று வெளியே நிற்கின்றன. செங்கல் சுமந்தவர்களுக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு நாற்காலியும் சொந்தமில்லை. அங்கே பாடப்பட்ட பாட்டு பழையதா புதியதா என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பலகையில் ‘பாப்டிஸ்ட்’ என்று எழுதியிருந்தும் இதே மாதிரி நடக்கிற இடங்களும் உண்டு. உங்கள் தம்பியின் சபை எப்படிப்பட்டது என்று அறிய வேண்டுமானால், கட்டடம் யார் பெயரில் இருக்கிறது, கணக்கு எப்போது வாசிக்கப்படுகிறது என்று அவரிடம் கேளுங்கள்.

ஆட்சியாளன் ஆத்துமாவை ஆள முடியாது என்பதற்காக உயிரையே கொடுத்தவர்கள் இவர்கள் முன்னோர். ஜான் ஸ்மித்தோடு ஆம்ஸ்டர்டாமில் இருந்த தாமஸ் ஹெல்விஸ், பாதுகாப்பான இடத்தை விட்டு லண்டனுக்குத் திரும்பிவந்து, 1612-இல் தாம் எழுதிய புத்தகத்தில் மன்னர் முதலாம் ஜேம்ஸுக்குத் தம் கைப்படவே குறிப்பு எழுதினார்: அரசர் சாகிற மனிதர், தேவன் அல்ல, ஆகவே குடிகளின் சாகாத ஆத்துமாக்கள்மேல் அவருக்கு அதிகாரம் இல்லை. யூதராயினும் இஸ்லாமியராயினும் அவர்களுடைய நம்பிக்கைக்காகத் தண்டிப்பது பூமியின் அரசுக்கு உரியதல்ல என்றும் எழுதினார். சிறையில் போட்டார்கள், அங்கேயே இறந்தார். அப்படிப்பட்ட சுதந்தரத்தை வாங்கிய பிறகு, ஒரு போதகர் குடும்பத்துக்கு அதைச் சும்மா கொடுத்துவிடுவதா?

நேரலை ஆராதனை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 ஊரடங்கில் எல்லோரும் போனில் பிரசங்கம் கேட்டோம், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். வீட்டிலேயே பிஸ்கட்டும் திராட்சைச் சாறும் வைத்துக்கொண்டு திருவிருந்து எடுக்கச் சொன்னதை மட்டும் மரபான பாப்டிஸ்டுகள் ஏற்கவில்லை. “நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்” என்று 1 கொரிந்தியர் 11 சொல்கிறது. காத்திருக்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் சபை எட்டு மாதம் அப்பம் பிட்காமலே இருந்தது. மறுபடி கூடிய நாளில் பலர் அழுதார்கள்.

பண்டிகைகள் விஷயத்தில் மட்டும் நான் என் ஆட்களோடு முழுவதும் ஒத்துப்போவதில்லை. ஓய்வுநாளைத் தவிர வேறு நாளைக் கர்த்தர் நியமிக்கவில்லை என்று கிறிஸ்துமஸையும், உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முன் வரும் லெந்து நாட்களையும் விட்டுவிட்ட பாப்டிஸ்டுகள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே மூச்சில் பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தையும் சிலர் தள்ளுகிறார்கள். அசனம் ஆராதனை அல்ல. பெரிய அண்டாவில் சோறு பொங்கி, கறிக்குழம்பு வைத்து, வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. நம் சீமையில் ஒரே பந்தி என்பது எவ்வளவு போராடிக் கிடைத்தது என்று தெரிந்தவன் அதை அந்நிய அக்கினி என்று சொல்ல மாட்டான். நான் வருடந்தோறும் போகிறேன்.

கடைசியாக, நம் வீட்டு அலமாரியிலிருந்தே ஒரு சாட்சி. கரையிருப்பில் பிறந்த கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியம் உங்கள் வீட்டில் இருக்கலாம். எங்கள் வீட்டில் தாத்தா சத்தமாக வாசிப்பார். அதற்கு மூலமான கதையை எழுதிய ஜான் பனியன், அனுமதி இல்லாமல் பிரசங்கித்ததற்காக 1660 முதல் பன்னிரண்டு வருடம் பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தவர். விசுவாசிகளுக்கே ஞானஸ்நானம் என்ற நம்பிக்கை உடையவர். ஆனாலும் வேறு விதமாக ஞானஸ்நானம் பெற்ற தேவபக்தியுள்ளவரைத் திருவிருந்துப் பந்தியிலிருந்து தள்ளக் கூடாது என்று 1673-இல் எழுதினார். லண்டனின் கண்டிப்பான பாப்டிஸ்டுகள், முக்கியமாக வில்லியம் கிஃபின், அதைக் கடுமையாக மறுத்தார்கள். ஆகவே உங்கள் தம்பி எந்தப் பக்கம் என்பது அவர் சபையைப் பொறுத்தது. கண்டிப்பான சபையாக இருந்தால், நீங்கள் அங்கே போகிற நாளில் அப்பத்தட்டு உங்களைத் தாண்டிப் போகும். அது வலிக்கும், எனக்குத் தெரியும். என் அம்மாவுக்கு அது நடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அதனாலேயே இந்த ஒரு விஷயத்தில் பனியன் பக்கம் போனேன்.

குழந்தையின் காரியத்துக்கு என் யோசனை இதுதான். வாக்குக் கொடுக்க வேண்டிய இடத்தில் தம்பியை நிற்கச் சொல்லாதீர்கள். வந்து பின்வரிசையில் உட்கார முடியுமா, குழந்தைக்காக வீட்டில் ஜெபிக்க முடியுமா, அன்று மத்தியானம் எல்லோரோடும் சாப்பிட முடியுமா என்று கேளுங்கள். இவற்றில் எதற்கும் அவருடைய நம்பிக்கையில் தடை இல்லை. மாமா என்ற உறவுக்கு எந்தப் பதிவேடும் தேவையில்லை என்று அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். தேதி குறிக்கும் முன் இதைப் பேசி முடித்துவிடுவது நல்லது. வேறு ஒருவரை ஞானத் தகப்பனாகக் கேட்டு, குருவானவரிடம் பெயர் கொடுக்க உங்களுக்கும் நாள் வேண்டும்.